கேட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சம்

கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணை. ஆடி மாதம். ஓரி விழாவுக்கு வந்த சொந்தபந்தம் இன்னும் மலை இறங்கவில்லை. பொழுது சாய்ந்து மூடுபனி வாசல்வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ என்று உட்கார வைத்தார்கள். நடுவில் ஆயா, பக்கத்தில் குத்துவிளக்கு. விளக்குச் சுடரின் மஞ்சளும் படத்தில் வரட்டும் என்று ஷட்டரைக் கால் நொடிக்கு வைத்து, கடைசியில் ஃப்ளாஷ் அடிக்கும்படி கேமராவைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டுப் படம் எடுத்தேன். எட்டிலும் ஆயா கண்ணை மூடியிருந்தது.

ஒன்பதாவதுக்கு நான் தயாராகும்போது, பின்னால் நின்று திரையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "அண்ணா, உங்க ஃப்ளாஷ் ரெண்டு வாட்டி மின்னுதுங்ணா. மொத மின்னலுக்கே ஆயா கண்ண மூடிக்குது."

அவன் சொன்னது சரி. எனக்கு அது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில் படம் பதிவாகும் நேரத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். ஆகவே படத்தை எடுக்கிற மின்னல், படம் எடுக்கிறவன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. ராசிபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த என் தாய்மாமன் இதையே வேறு விதமாகச் சொல்வார்: "வ்யூஃபைண்டர்ல ஃப்ளாஷ் தெரிஞ்சா படம் போச்சுன்னு அர்த்தம்டா." ஃபிலிம் காலத்தில் அது வேதவாக்கு. டிஜிட்டல் வந்தபிறகு வ்யூஃபைண்டரில் தினமும் ஃப்ளாஷ் தெரிகிறது, படமும் போவதில்லை. தெரிவது முதல் மின்னல். கேமரா கேள்வி கேட்பதற்காக அடிப்பது.

சாதாரணமாக இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரே மின்னலாகத்தான் தோன்றும். நான் கால் நொடி இடைவெளி விட்டதால் பையனுக்குப் பிரிந்து தெரிந்தது, ஆயாவுக்குக் கண்ணை மூடிக்கொள்ள நேரமும் கிடைத்தது. ஏன் இரண்டு தடவை என்று அவன் கேட்டதற்கு அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒழுங்கான பதில் நூற்றைம்பது வருஷக் கதை.

வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை மக்னீசியத்தில் தொடங்குகிறது. 1860களில் மக்னீசியக் கம்பியைக் கொளுத்திப் படம் எடுத்தார்கள். 1865இல் ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளர் பியாசி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் அப்படித்தான் படம் பிடித்தார். கம்பி எரிய நேரமாகும், புகையும் வரும். 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து ஃப்ளாஷ் பொடி செய்தார்கள். வெடிமருந்துக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு சரக்கு. கை கருகியவர்கள் உண்டு, ஸ்டூடியோ எரிந்ததும் உண்டு.

இந்த மக்னீசியத்தின் மூலக்கல் எங்கோ தூரதேசத்தில் இருப்பதல்ல. கொல்லிமலையிலிருந்து இறங்கிச் சேலம் போனால் ஊரை ஒட்டி வெள்ளை வெள்ளையாக நிற்கும் மேக்னசைட் குன்றுகள்தான் அது. அங்கே வெட்டுவது உலைக்குச் செங்கல் செய்யப் போகிறது. போட்டோக்காரன் பக்கம் அது வந்ததே இல்லை.

பொடிக் காலத்தில் அளவு என்பது கரண்டிக் கணக்கு. இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு பொடி என்று அனுபவத்தில் பிடித்துவைத்திருப்பார்கள். லென்ஸைத் திறந்து வை, பொடியைப் பற்றவை, மூடு. வந்தால் வந்தது. இதை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் இந்தியக் காட்டிலேயே இருந்தார். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், 1920களில் புலி நடக்கும் தடத்தில் குறுக்கே கம்பி கட்டி, புலியின் காலே ஃப்ளாஷை அடிக்கும்படி செய்தார். அவருடைய இரவுப் படங்கள் 1925இல் லண்டன் பத்திரிகையில் வந்தன. 1927இல் புத்தகமும் வந்தது. எல்லாரும் அவருடைய துணிச்சலைப் பேசுவார்கள். நான் பார்ப்பது வேறு. கம்பி எங்கே இருக்கிறதோ அங்கேதான் புலி இருக்கும். அப்படியானால் தூரம் முன்கூட்டியே தெரியும். தூரம் தெரிந்துவிட்டால் பொடியின் அளவும் லென்ஸின் திறப்பும் பகலிலேயே முடிவாகிவிடும். ஃப்ளாஷில் பாதி வித்தை தூரத்தைக் கட்டிப்போடுவது என்பதை அந்தக் கம்பி சொல்லிக்கொடுக்கிறது.

தூரம் ஏன் அத்தனை முக்கியம் என்பதைக் கொல்லிமலையில் நின்றுகொண்டு சொல்வது சுலபம். இந்த மலையை ஆண்ட ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பிலும் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாட்டு இருக்கிறது. செம்மேட்டில் சிலையாக நிற்கிற அதே ஓரிதான். ஃப்ளாஷின் வெளிச்சத்துக்கு அந்த வீரியம் கிடையாது. முன்னால் நிற்கும் யானைக்கே பெரும்பங்கைக் கொடுத்துவிடும். முதல் வரிசை எட்டடியில், கடைசி வரிசை பதினாறடியில் என்றால், தூரம் இரண்டு மடங்குதான். பின்வரிசைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் கால் பங்கு. முன்னால் உட்கார்ந்த குழந்தை சுண்ணாம்பு அடித்தது போலவும் பின்னால் நிற்கும் பெரியப்பா நிழல் போலவும் கல்யாண ஆல்பங்களில் தெரிவதற்கு இதுதான் காரணம்.

1930 வாக்கில் பல்பு வந்தது. ஆக்சிஜன் அடைத்த கண்ணாடிக் குமிழுக்குள் அலுமினியத் தாள், ஒருமுறை எரிந்தால் தூக்கி எறிய வேண்டியது. அலுமினியம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையின் மேல்மண்ணில் பாக்சைட் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து வெட்டிக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் ஃப்ளாஷுக்கு வேண்டிய உலோகமெல்லாம் கிடக்கிற ஊர் இது. சரி, கதைக்கு வருவோம்.

பல்பு புகையை ஒழித்தது. ஒவ்வொரு பல்பும் ஒரே அளவு எரியும் என்பதால் முதல்முறையாக நம்பிக்கையான கணக்கு சாத்தியமானது. அந்தக் கணக்குக்குப் பேர் கைடு நம்பர். ஒரு ஃப்ளாஷுக்கு ஒரு எண். அதைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்சர், அதாவது லென்ஸின் திறப்பு. மாமாவிடம் இருந்தது சின்ன ஃப்ளாஷ். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு, அடிக் கணக்கில் அதன் எண் 64. "எட்டடிக்கு எட்டு, பதினொண்ணுக்கு அஞ்சு புள்ளி ஆறு, பதினாறுக்கு நாலு." வாய்ப்பாடு மாதிரி என்னை ஒப்பிக்க வைப்பார். மண்டபத்தில் மணமேடைக்குப் போனதும் முதல் வேலையாக, செருப்பைக் கழற்றிவிட்டு, மேடை விளிம்பிலிருந்து அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடந்து ஒரு இடத்தில் நிற்பார். எட்டடி. தாலி கட்டும்போது யார் இடித்தாலும் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அவர் எடுத்த படங்களில் ஃப்ளாஷ் அளவு பிசகியதே இல்லை என்று சொல்ல ஆசைதான். பிசகியதும் உண்டு. சட்டென்று மாமனார் முன்னால் வந்து மாலை போட்டால், எட்டடி நாலடியாகி, மாமனார் வெளுத்துவிடுவார்.

பல்புக்கு அடுத்தது மின் ஃப்ளாஷ். 1931இல் அமெரிக்காவில் எம்ஐடியில் ஹெரால்டு எட்ஜர்ட்டன், மோட்டார் சுழல்வதை நிறுத்திப் பார்க்க விட்டுவிட்டு மின்னும் விளக்கு செய்தார். அதன் வாரிசுதான் இன்று கேமராவின் தலையில் உட்கார்ந்திருப்பது. வாயு அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய், பக்கத்தில் ஒரு கண்டென்சர். பேட்டரியின் சொற்ப வோல்ட்டை 300 வோல்ட்டுக்கு ஏற்றி அதில் தேக்கிவைக்கும். ஃப்ளாஷை ஆன் செய்ததும் மெல்லிசாக ஏறிக்கொண்டே போகும் அந்த 'கீஈஈ' சத்தம் தேக்குகிற வேலையின் சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தால் தயார். அடித்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் எல்லாம் முடிந்துபோகும்.

முடிந்துபோகும் என்பதுதான் பிரச்சினை. சூரியனை அளக்கலாம்; அது நிற்கும். டியூப்லைட்டை அளக்கலாம். மீட்டரைக் கையில் எடுப்பதற்குள் மறைந்துவிடுகிற வெளிச்சத்தை எப்போது அளப்பது? ஃப்ளாஷ் சரித்திரத்தின் பிற்பாதி முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதல் பதில் 1960களின் நடுவில் அமெரிக்க ஹனிவெல் நிறுவனத்திடமிருந்து வந்தது. ஃப்ளாஷின் நெற்றியிலேயே ஒரு கண்ணை வைத்துவிட்டார்கள். ஆள்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அது பார்க்கும், போதும் என்றதும் நிறுத்தச் சொல்லும். ஆரம்பத்தில் மிச்ச மின்சாரத்தை வேறு குழாயில் வீணாக வடித்தார்கள். 1970களில் தைரிஸ்டர் வந்து, மின்னலைப் பாதியில் வெட்டி மிச்சத்தை அடுத்த படத்துக்குச் சேமித்தது. கிட்டத்தில் எடுத்தால் சார்ஜ் சீக்கிரம் ஏறுவது அதனால்தான். அப்படி வெட்டும்போது மின்னலின் ஆயுள் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் கீழே போய்விடும். மாமா இந்த ஆட்டோ ஃப்ளாஷை நம்பவில்லை. "அது நெத்தியால பாக்குது, லென்ஸ் கண்ணால பாக்குது" என்பார். நியாயம்தான். ஃப்ளாஷின் கண் பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றல்ல.

லென்ஸ் வழியாகவே பார்க்க வைத்தது (டிடிஎல் என்பது இதைத்தான்) 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2. வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. இந்த ஒரு யோசனைக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம் என்பது என் கட்சி. ஷட்டர் திறந்து, ஃபிலிமின் மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்போதே, ஃபிலிமின் தோலில் பட்டுத் திரும்புவதைக் கேமராவுக்குள் கீழே இருந்து ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். வேண்டிய அளவு சேர்ந்ததும் ஃப்ளாஷை வெட்டும். குடம் நிரம்புவதைப் பார்த்துக் குழாயை மூடுவது போல. தூரம் தெரிய வேண்டாம், வாய்ப்பாடு வேண்டாம். முன்னால் ஃபில்டர் மாட்டினாலும் கணக்கு கெடாது. அடுத்து வந்த கம்பெனிகள் எல்லாம் இந்த வழிக்கே வந்தன. வேகமான ஷட்டரில் ஃபிலிமுக்குப் பதில் ஷட்டர் திரையே முன்னால் நிற்குமே என்று, திரையின்மேல் ஃபிலிம் அளவுக்கு வெளிச்சம் திருப்புகிற கறுப்பு வெள்ளைப் புள்ளிக் கோலம் ஒன்றை அச்சடித்திருந்தார்கள். ஓஎம்-2வின் லென்ஸைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோலம் மறக்காது.

குடம் நிரம்புவதைப் பார்க்கலாம்தான். ஆனால் குடத்தின் எந்தப் பக்கம் தண்ணீர் விழுகிறது என்று அதற்குத் தெரியாது. படத்தில் பாதி கறுப்புக் கோட்டு, ஓரத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம் என்றால் மொத்தத்தைக் கூட்டி ஒரே முடிவுதான். படத்தைப் பகுதி பகுதியாகப் பார்த்து, எங்கே ஆள், எங்கே சுவர் என்று பிரித்தறிய வேண்டுமானால் முன்கூட்டியே ஒருமுறை விளக்கடித்துப் பார்த்தாக வேண்டும். 1986இல் கேனன் டி90 முன்மின்னலைச் சின்ன அளவில் தொடங்கியது. 1992இல் நிக்கான் எஃப்90 படத்துக்கு முன் பொடிப்பொடியாய்ச் சில மின்னல்களை அடித்து நோட்டம் பார்த்தது. 1995இல் கேனனின் ஈ-டிடிஎல், முன்மின்னலை வைத்தே அசல் மின்னலின் அளவை முடிவு செய்தது. அப்போதும் முன்மின்னல் ஒரு கூடுதல் வசதிதான். ஃபிலிம் கேமராவுக்கு மைதானியின் வழியே போதுமானதாக இருந்தது.

டிஜிட்டல் வந்து அந்த வழியை அடைத்தது. ஃபிலிமின் தோல் மங்கல். எந்தக் கம்பெனி ஃபிலிமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிச்சம் திருப்பும். டிஜிட்டல் சென்சாரின் முகத்தில் கண்ணாடி ஃபில்டர், அதற்குக் கீழே நுண்ணிய லென்ஸ்கள். பச்சையும் ஊதாவுமாகப் பளபளக்கும். கோணத்துக்குக் கோணம் மாறுகிற அந்தப் பளபளப்பைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. 1999இல் நிக்கான் டி1 வந்தபோது, படத்துக்கு முன்பே ஷட்டர் திரைமேல் வெளிச்சம் பட வைத்து அளக்கும் டி-டிடிஎல் முறையைச் சேர்த்தார்கள். பழைய ஃப்ளாஷ்கள் அந்த மொழி பேசாது; புதிதாக வாங்கு என்றார்கள். 2003இல் நிக்கானின் ஐ-டிடிஎல், 2004இல் கேனனின் ஈ-டிடிஎல் II. இரண்டாவது, முன்மின்னலுக்கு முன்னும் பின்னும் படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்பிடும். எந்தக் கட்டம் அளவுக்கு மீறித் துள்ளுகிறதோ, அது கண்ணாடியோ பித்தளையோ என்று ஒதுக்கிவிடும். லென்ஸ் சொல்லும் தூரத்தையும் கணக்கில் சேர்க்கும். திண்ணைச் சுவரில் வரிசையாய் மாட்டிய தாத்தா படங்கள் மின்னி முகத்தை இருட்டாக்குகிற தொல்லை இதற்குப் பிறகு குறைந்தது.

ஆக, இனி குடம் நிரம்புவதைப் பார்ப்பதில்லை. முதலில் ஒரு குவளை ஊற்றிப் பார்த்து, இன்னும் இத்தனை குவளை ஆகும் என்று கணக்குப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது. கேட்டுவிட்டு அடிப்பது.

இந்தக் கேள்வி எத்தனை பேரைக் கவிழ்த்தது என்பதற்கு நாமக்கல் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் சாட்சி. மேடையின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் ஸ்லேவ் ஃப்ளாஷ் நிறுத்துவது வழக்கம். கேமராவின் ஃப்ளாஷ் மின்னினால் அதைப் பார்த்து அவையும் மின்னும். ஒயர் வேண்டாம், வசதி. நாங்கள் டிஜிட்டல் கேமராவோடு போன முதல் முகூர்த்தத்தில், முதல் மின்னலைப் பார்த்த மாத்திரத்தில் ஸ்லேவ் இரண்டும் அடித்துத் தீர்த்துவிட்டன. ஷட்டர் திறக்கும்போது அவற்றிடம் சார்ஜ் இல்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு மூன்று ஃப்ளாஷும் பளிச்சென்று தெரிந்தது, படத்தில் ஒன்றுதான் விழுந்திருந்தது. ஆட்களுக்குப் பின்னால் முழு இருட்டு. மாமா ஸ்லேவைத் தட்டினார், பேட்டரி மாற்றினார், ஃபியூஸைப் பார்த்தார். கெட்டிமேளம் முடிந்துவிட்டது. அன்று இரவு கடைக்குள் விளக்கை அணைத்துவிட்டு நானும் அவரும் மாறி மாறி அடித்துப் பார்த்துத்தான் விஷயம் பிடிபட்டது. கேமராவை மேனுவலுக்குத் திருப்பி, ஃப்ளாஷையும் மேனுவலில் வைத்தால் முன்மின்னலே கிடையாது, ஸ்லேவ் ஒழுங்காக அடிக்கும். மறுநாளிலிருந்து மறுபடியும் எட்டடிக்கு எட்டு.

கேமரா எவ்வளவு கேட்டாலும் அதற்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது. எதிரே இருப்பது வெள்ளை வேட்டியா கரிய ஓடா என்று அதற்குத் தெரியாது; எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நாலு பேர் நின்றால் அளவைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். அப்போது ஃப்ளாஷை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்ட வேண்டும். வேட்டி பழுப்பாகத் தெரிந்தால் அதுவே அடையாளம். மலையில் இன்னொரு தொல்லை மூடுபனி. நேராக ஃப்ளாஷ் அடித்தால் ஆளுக்கு முன்னால் மிதக்கும் துளிகளே முதல் பங்கை வாங்கிக்கொண்டு வெள்ளைச் சுவராக நிற்கும். எந்த டிடிஎல்லும் அதைத் தாண்டாது. ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் பிடிப்பது ஒன்றே வழி. கரி படிந்த ஓட்டுக் கூரையில் பவுன்ஸ் அடிப்பதும் வீண். போன வெளிச்சம் திரும்பாது.

என்னைக் கேட்டால், ஃப்ளாஷை நம்பக்கூடியதாக ஆக்கியதில் இந்தக் கணக்குகளுக்குச் சமமாகக் கேமராவின் முதுகில் இருக்கும் சின்னத் திரைக்கும் பங்கு உண்டு. மாமாவுக்குத் தப்பு தெரிய நெகடிவ் கழுவி வரவேண்டும். அதற்குள் மாப்பிள்ளை மறுவீடு போயிருப்பார். எனக்கு அடுத்த நொடியே, இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் தெரிகிறது. வலது ஓரத்தில் முட்டிக்கொண்டால் முகம் வெளுத்துவிட்டது, குறை. அவ்வளவுதான்.

பையனிடம் இதில் எதையும் சொல்லவில்லை. கேமராவின் பின்பக்கம் கட்டைவிரல் படும் இடத்தில் நட்சத்திரம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கேள்வியை மட்டும் தனியாகக் கேட்டு, பதிலைச் சில நொடி ஞாபகம் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஷட்டரை அழுத்தினால் மறுபடி கேட்காது, நேராக அடிக்கும். இந்தப் பொத்தான் நினைவுக்கு வர எட்டுப் படம் ஆனதில் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆயாவின் முகத்தை நடுவில் வைத்து அழுத்தினேன். பளிச்.

ஆயா இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு நொடி கழித்து மெதுவாகத் திறந்து, "ஆச்சா?" என்றது.

"இல்ல ஆயா, இப்பத்தான் அளந்தேன்."

"அளக்கறதுக்கு நான் என்ன ரவிக்கையா தெக்கச் சொன்னேன்?"

திண்ணையே சிரித்தது. ஆயாவும் சிரித்தது, முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. அப்போது அழுத்தினேன். திரையில் விளக்கின் மஞ்சள் ஒரு கன்னத்தில், ஃப்ளாஷ் மறு கன்னத்தில், கண் இரண்டும் திறந்து. பையன் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு ஒரு விரலைக் காட்டினான்.

"இந்த வாட்டி ஒண்ணே ஒண்ணுதாங்ணா."